கொடியேற்றத்துக்கு முன்: கோவில் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மொரீசியஸ் கோவில்களின் நிர்வாகக் குழுவினருக்கும் குருக்கள் ஐயாமாருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்குக் கொடியேறப் போகிறது. விரதம் இருப்பவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கியிருப்பீர்கள். முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். காவடி முடிந்த மறுநாள் அண்ணன் மகனைப் பறிகொடுத்த அத்தையும் நான்தான்.

அவன் ப்ரவுன் என்கிற ஹெராயினை ஊசியில் போட்டுக்கொண்டிருந்தவன். அப்புறம் அதற்குப் பதிலாக மருந்தாகக் கொடுக்கும் மெத்தடோன் சிரப்புக்கு மாறினான். ஒன்றரை வருடம் தினமும் காலையில் போய்க் குடித்துவிட்டு வேலைக்குப் போனான். ஒரு கோவிலில் பெயர் கொடுக்கப் போனபோது, "அதுவும் போதைதானே தம்பி, அதைக் குடித்துவிட்டு வேல் குத்தக் கூடாது" என்று ஒரு பெரியவர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. முருகனுக்காக என்று இவனும் நிறுத்தினான். இரண்டாம் நாளே எலும்புக் குடைச்சல், வாந்தி, பேதி. தூக்கமே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நாளும் இருந்து காவடி எடுத்தான். ஏழு கறிச் சோறு சாப்பிட்டோம், பெருமையாக இருந்தது.

மறுநாள் ராத்திரி அவன் அறையிலிருந்து பெரிய குறட்டைச் சத்தம். பத்து ராத்திரி தூங்காத பிள்ளை இன்றைக்காவது தூங்குகிறதே என்று அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அது தூக்கம் இல்லை ஐயா. பழைய அளவு ப்ரவுனை மறுபடி போட்டிருந்தான். ஹெராயின் வகை எதுவானாலும், மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதியை மந்தமாக்கும். தினமும் எடுப்பவனின் உடம்பு அதற்குப் பழகியிருக்கும். சில நாள் நிறுத்தினாலே அந்தப் பழக்கம் குறைந்துவிடும். முன்பு தாங்கிய அளவே இப்போது ஆளைக் கொல்லும். சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் இப்படிப் பலர் சாவதும் இதனால்தான். விரதம் முடிந்த மறுநாளும் அப்படிப்பட்ட நாள்தான்.

மெத்தடோனும் அதே வகையைச் சேர்ந்ததுதான், மறைக்கவில்லை. ஆனால் அளந்து கொடுக்கும்போது கிறக்கம் தராமல், ஒரு நாள் முழுக்க உடம்பைச் சமமாக வைத்திருக்கும். நம் நாட்டில் 2006 முதல் கொடுக்கிறார்கள். அந்தச் சமயத்தில் புதிதாக எச்.ஐ.வி. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டவர்கள்; குடிக்கும் சிரப்புக்கு ஊசி வேண்டாம். சர்க்கரை நோயாளியின் இன்சுலின் விரதத்தைக் கெடுக்காது என்றால் இதுவும் கெடுக்காது. யாராவது ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், பழைய அளவைத் தானாகத் தொடங்கக் கூடாது. மருந்து கொடுப்பவர்களிடம் எத்தனை நாள் விட்டது என்று சொல்ல வேண்டும்.

வேல் விஷயமும் இதை ஒட்டியதே. ஒருவருக்குக் குத்திய வேலை இன்னொருவருக்குக் குத்தாதீர்கள். பன்னீரில் கழுவினால் போதாது. ஹெபடைடிஸ் சி கிருமி காய்ந்த ரத்தத்திலும் பல நாள் உயிரோடு இருக்கும்.

சிமிக் என்கிற செயற்கைப் போதைப்பொருளை இழுக்கும் சின்னப் பையன்களைப் பற்றியும் கேட்பீர்கள். கஞ்சா மாதிரிதான் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஏதோ இலையில் ரசாயனத்தைத் தெளித்து விற்பது அது. ஒரு இழுப்பில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. வலிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், புத்தி பேதலிக்கும். ஹெராயினுக்கு நாலொக்சோன் என்று மாற்று மருந்து இருக்கிறது, இதற்கு அப்படி ஒன்று இல்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். பெயர் எழுதும்போது, "காலையில் மருந்தைக் குடித்துவிட்டே வா" என்று நீங்கள் வாயால் சொல்லுங்கள். நர்ஸ் சொன்னால் கேட்காதவன் கோவில் சொன்னால் கேட்பான். கொடியேற்றத்தன்று வீட்டாருக்கும் சொல்லுங்கள்: உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, கரகரவென்று குறட்டை விட்டு, உலுக்கினாலும் எழாவிட்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே ஆம்புலன்ஸுக்கு 114-ஐக் கூப்பிட வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். எப்படி என்று செய்து காட்ட, எந்தக் கோவில் கூப்பிட்டாலும் நான் வருகிறேன். என் அண்ணியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில்லிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ்