பெயர் தெரியாத ஒரு பையனை இறப்புப் பதிவேட்டில் சேர்க்கக் கோரி மனு

அனுப்புநர்:
வாசல் மட்டும் நிற்கும் கல்வீட்டில் இருக்கும் இருவர்,
பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கம், தனுஷ்கோடி,
இராமேஸ்வரம் வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், இராமநாதபுரம்.

பொருள்: 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் இறந்த ஒரு பையனின் இறப்பைப் பதிவு செய்யவும், அவன் தட்டிய வாசலில் ஒரு கல் நடவும் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இல்லை. பாதி மனு படித்த பிறகு தெரிந்தால் ஏமாற்றியதாக ஆகிவிடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று நேரில் கொடுக்கத்தான் ஆசை, ஆனால் இந்த மணலைத் தாண்டி எங்களால் வர முடியாது. நான் சொல்லச் சொல்ல சங்கு விற்கிற தங்கச்சி ஒருத்தி எழுதுகிறாள். இவர் பக்கத்தில் நின்று திருத்துகிறார். உயிரோடு இருந்த காலத்தில் கப்பலடியில் போர்ட்டராக மூட்டை தூக்கிக்கொண்டே, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்தவர், அதனால் 'கனிவுடன் பரிசீலித்து' என்றெல்லாம் போடச் சொல்கிறார். எனக்கு அந்தப் பேச்சு வராது, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது எங்கள் ஊர் பெரிய ஊர். எழும்பூரில் ஏறினால் போட் மெயில் ரயில் நேராக இங்கே வந்து நிற்கும், இறங்கினால் அக்கரையில் இலங்கைத் தலைமன்னாருக்குக் கப்பல். தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில், சுங்கம் எல்லாம் இருந்தது. அம்மாவும் நானும் கப்பல் ஜனங்களுக்கு வடையும் இடியாப்பமும் விற்றோம். இவரும் எங்களிடம்தான் சாப்பிடுவார், கடன் வைக்க மாட்டார். அதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் கிடையாது.

அந்தப் பையன் எப்போது வந்தான் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏழு வயது இருக்கும். தலைமன்னார் கப்பலில் இறங்கினான், கூட யாரும் இல்லை, பேச்சில் தேயிலைத் தோட்டத்து வாடை இருந்தது. அந்த அக்டோபரில்தான் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் தோட்டத்து ஜனங்களை இரண்டு நாட்டுக்கும் பிரித்து ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், யார் எந்த நாட்டுக்காரர் என்று பெரியவர்களே புரியாமல் நின்ற நேரம், ஒரு சின்னப் பையனை யார் விசாரிப்பார்கள்? ஸ்டேஷனில் படுத்தான், நாங்கள் கொடுத்ததைத் தின்றான். கப்பல் பையன் என்று கூப்பிட்டோம். ஒரு நாள் நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது அவன் தன் பெயரைச் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. 'சரிடா' என்றேன். அவ்வளவுதான்.

டிசம்பர் 22 அன்று அம்மா இராமேஸ்வரம் போயிருந்தாள், நான் மட்டும் வீட்டில். இருட்டியதும் காற்று நிற்கவே இல்லை. இவர் கயிற்றை எடுத்துக்கொண்டு படகுகளைக் கட்டக் கப்பலடிக்கு ஓடினார், பையன் இவர் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. 'அந்தா தெரியுது பாரு கல்வீடு, அங்கே ஓடு, அக்கா இருக்கும், கதவைத் தட்டு' என்று அனுப்பிவிட்டார். அவனைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டிருக்கலாம், நாலு நிமிட நடை. இவருக்குப் படகுதான் பெரிதாகத் தெரிந்தது. இந்த வரியை எழுதச் சொன்னவர் இவரே.

என் பங்கு இது. நான் தாழ்ப்பாள் போட்டு, அம்மிக்கல்லை உருட்டிக் கதவுக்கு அணை கொடுத்திருந்தேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தேன் என இத்தனை வருடம் இவரிடம் சொல்லி வந்தேன். மனுவில் பொய் எழுதக்கூடாது. காற்று 'அக்கா' என்று கூப்பிடாது. அது அவன்தான் என்று எனக்குத் தெரியும், கல்லை நகர்த்தினால் கதவு பிய்த்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டான். அப்புறம் கடல் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது அரசாங்கத்துக்கே தெரியும். பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் ஊரை எட்டுமுன் அப்படியே தண்ணீருக்குள் போனது, 115 பேர் என்று எண்ணிச் சொல்கிறார்கள், டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்றும் சொல்வார்கள். பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 போனது. அதை 46 நாளில் தேடி எடுத்துத் தூக்கி நிறுத்தி ரயில் விட்டார்கள், அந்த வேலை செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். எங்கள் பையனைத் தேடத்தான் ஆள் இல்லை, ஏனென்றால் காணோம் என்று சொல்ல ஆள் இல்லை. அவனைத் தெரிந்த இரண்டு பேரும் அதே வாசலில் செத்துக் கிடந்தோம்.

கண் திறந்தபோது வாசலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இவர். பையன் இல்லை. இன்றுவரை ஒரு நாள்கூட அவன் வரவில்லை. ஊரே இனி மனிதர் வாழ லாயக்கில்லை என்று அரசாங்கம் சொன்ன பிறகு வெறும் மணலும் நாங்களும்தான். பத்தொன்பது வருடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. 'நீ திறக்கவில்லை' என்பது இவர் பார்வையில் இருந்தது, 'நீ ஏன் அனுப்பினாய்' என்பது என் பார்வையில் இருந்தது.

1983-இல் அக்கரையில் கலவரம் வந்து ஜனங்கள் படகுகளில் இங்கே வந்து இறங்க ஆரம்பித்தார்கள். ஒரு ராத்திரி இருட்டில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினோம். அந்தக் குழந்தைக்கு அம்மா இருந்தாள், இடுப்பில் வைத்துத் தட்டிக்கொண்டே ஈர மணலில் நடந்து போனாள். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். 'ஏ புள்ள, நீயும் ஓடி வந்தியா' என்று கேட்டார். அதுதான் முதல் பேச்சு.

அங்கிருந்து எப்படி வளர்ந்தது என்று விவரமாக எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் மனு புரியாது. ஒரு பக்கம் பெண்கடல், ஒரு பக்கம் ஆண்கடல் என்பார்கள் எங்கள் ஊரில், அமைதியாகக் கிடப்பது பெண், அலையடிப்பது ஆண். வாடைக்காற்று வந்தால் பெண்கடல் பொங்கும், மற்றது அடங்கிப்போகும். நாங்களும் அப்படித்தான் இருந்தோம், ஒருவர் உடைந்து அழும்போது மற்றவர் அடங்கி உட்கார்ந்திருப்போம். பூநாரைகள் வரும் மாதங்களில் இவர் அவற்றை எண்ணி எனக்குச் சொல்வார், கணக்கில் தப்பு இருந்தாலும் நான் திருத்த மாட்டேன். மீனவப் பெண்கள் மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் மொள்ளும்போது அதன் ஓரத்தில் போய் உட்காருவோம், எங்கள் முகம் அதில் தெரியாது, ஆனாலும் குனிந்து பார்ப்பார், 'நீ இப்போ சிரிக்கிறே' என்பார். சரியாகத்தான் சொல்வார்.

ஒரு ராத்திரி இவர் மெதுவாகச் சொன்னார், 'நீ திறந்திருந்தாலும் அந்தத் தண்ணிக்கு கதவு நின்னிருக்காது, விடு புள்ள.' கேட்டதும் என் உடம்பு லேசாகிவிட்டது, திரி அணைந்த பின் எழும் புகை மாதிரி கலைய ஆரம்பித்தேன். இவர் பதறிப்போய் 'நீ திறக்கல, நீதான் திறக்கல' என்று கத்தினார். நான் திரும்பி வந்தேன். அப்போதுதான் புரிந்தது, எங்களை இங்கே நிறுத்தி வைத்திருப்பது அந்தக் குற்றம் மட்டும்தான் என்று. அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் மன்னிக்காமல் பார்த்துக்கொள்கிறோம். தினமும் இருட்டியதும் வாசலில் உட்கார்ந்து நீ அனுப்பினாய், நீ திறக்கவில்லை என்று சொல்லிக்கொள்வோம். அதைச் சொன்னால்தான் விடியும்வரை சேர்ந்திருக்க முடியும். வெளியிலிருந்து யாராவது கேட்டால் சண்டை என்றுதான் நினைப்பார்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் சட்டென்று உள்வாங்கியது. முங்கிப்போன எங்கள் தெருவின் தரை வெளியே தெரிந்தது, நாற்பது வருடம் கழித்து. இவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். சின்னதாக ஒரு எலும்பு, ஒரு பித்தான், ஏதாவது கிடைக்காதா என்று சேற்றில் தேடினோம். தேடும்போதே ஓர் எண்ணம் வந்தது: கிடைத்துவிட்டால் நாங்கள் போய்விடுவோமே, கிடைக்காமல் இருந்தால் நல்லது. இவர் முகத்தைப் பார்த்தேன், அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஆட்சியர் அவர்களே, ஒரு குழந்தையை இரண்டாவது முறையும் வெளியே நிற்க வைத்துவிட்டோம். அலை திரும்பி வந்தது. அதற்கப்புறம் இவ்வளவு காலம் தயங்கித் தயங்கி, இப்போதுதான் இந்த மனு.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இங்கே வந்து தர்ப்பணம் செய்கிறவர்கள் அப்பன் பாட்டன் பெயரெல்லாம் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள். கடைசியில் யாருமற்றவர்களுக்கு என்று ஒரு கை விடுவதும் உண்டு. அதில் அவனுக்கும் ஒரு சொட்டு போகும் என்று நினைத்து ஆறுதல் அடைந்திருந்தோம், போதவில்லை. அவன் இருந்தான், இன்ன இடத்தில் செத்தான் என்று ஓரிடத்தில் எழுதியிருக்க வேண்டும்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது, ஒரு வருடத்துக்கு மேல் தாமதமானால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும் என்று வடை மடித்த செய்தித்தாளில் படித்து இவர் சொன்னார். சாட்சி கேட்பார்கள். நாங்கள்தான் சாட்சி, எங்கள் சாட்சியை எந்த விதியில் சேர்ப்பது என்பதைத் தாங்கள்தான் பார்க்க வேண்டும். பெயர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினால் போதும். ஆண், வயது சுமார் 7, இறந்த இடம் தனுஷ்கோடி, கல்வீட்டு வாசல். தந்தை பெயர், தாய் பெயர் என்ற இடங்களைக் கோடு போட்டு அடிக்காமல் வெற்றாக விடச் சொல்லுங்கள், என்றைக்காவது யாராவது தேடி வரலாம்.

அந்த வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டால் போதும், பெரிய தூண் எதுவும் வேண்டாம். 2017-இல் மணல் முடிகிற அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு தினமும் கூட்டம், பவளக்கல் சுவரில் சாய்ந்து படம் எடுக்கிறார்கள், சாவியால் கீறிப் பெயர் எழுதுகிறார்கள். பிள்ளைகள் சந்தோஷமாக வருகிறார்கள், வரட்டும், சுவர்தான் தாங்காது. கல் நடும்வரையாவது அந்த ஒரு சுவர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நடந்தால் எங்களுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் கேட்கிறோம். 'உடனடியாக ஆவன செய்யுமாறு' என்று எழுத வேண்டும் என்கிறார் இவர். அந்த வார்த்தை வந்ததும் எழுதுகிற தங்கச்சி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எழுதும்மா என்றேன். உடனடியாக ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்றே ஒன்று. உத்தரவு வந்ததும் தபாலில் அனுப்ப வேண்டாம், இங்கே தபாலாபீஸ் இடிந்து கிடக்கிறது. ஒரு ஆளை அனுப்பி, பொழுது சாய்ந்து கூட்டம் போன பிறகு, அந்த வாசலில் நின்று சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். காற்று அதிகமாக இருந்தால் இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு முதலில் கேட்டு அவர் மட்டும் போய்விட்டால் மற்றவர் இங்கே தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வடைக்கடை வீட்டுப் பெண்
கப்பலடிப் போர்ட்டர்
தனுஷ்கோடி