கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ரத்தக்கட்டு அடைத்து வரும் பக்கவாதத்துக்கு 'ஒரே ஊசி போதும்' என்று அவ்வப்போது செய்தி வருகிறது. ஊசி உண்மைதான், ரத்தக்கட்டைக் கரைக்கும் அந்த மருந்தின் பெயர் டெனெக்டெப்ளேஸ். ஆனால் வடசென்னை வீடுகளுக்கு வேண்டிய விஷயம் அந்தச் செய்திகளில் விடுபட்டுப் போகிறது.

பழைய மருந்தான ஆல்டெப்ளேஸுக்குக் கிலோவுக்கு 0.9 மி.கி. கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 54 மி.கி.; அதில் 5.4 மி.கி. ஒரே நிமிடத்தில், மிச்சம் பம்ப் வைத்து ஒரு மணி நேரம். ரத்தத்தில் அது சுமார் 5 நிமிடத்தில் பாதியாகிவிடும். முதல் ஊசிக்குப் பிறகு பம்ப் ஓடத் தாமதமானாலோ, ஆம்புலன்ஸில் டியூப் கழன்றாலோ போட்ட மருந்தின் வேகம் போய்விடும். டெனெக்டெப்ளேஸுக்கு அந்தத் தொல்லை இல்லை: கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25, ஒரே ஊசி. 2022இல் வெளியான கனடா ஆய்வில் இதைப் போட்டவர்களில் 36.9 சதவீதம் பேரும், பழையதைப் போட்டவர்களில் 34.8 சதவீதம் பேரும் மூன்று மாதத்தில் ஏறக்குறையப் பழையபடி ஆனார்கள். பலன் ஒன்றுதான், சௌகரியம் கூடுதல். ஆபத்தும் ஒன்று உண்டு. இதே மருந்து மாரடைப்புக்கு 60 கிலோ ஆளுக்கு 35 மி.கி.; மூளைக்கு 15தான். பழக்க தோஷத்தில் மாரடைப்பு அளவைப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

இரண்டுக்கும் பொதுவான கெடு நாலரை மணி நேரம். வாய் கோணியதைப் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து! இரவு 11 மணிக்குப் படுத்தவர் காலை 5 மணிக்குக் கை வராமல் எழுந்தால் கணக்கு 11லிருந்துதான். ஆனால் 3 மணிக்கு அவரே பாத்ரூம் போய் வந்திருந்தால் கணக்கு 3லிருந்து; ஊசிக்கு இன்னும் இடம் இருக்கிறது. காசிமேட்டில் மீன் ஏலத்துக்குக் கிளம்பியவர் என்றால், போனில் யாரிடம் எத்தனை மணிக்குத் தெளிவாகப் பேசினார் என்று பாருங்கள். பெரிய ரத்தக்குழாய் அடைத்தவர்களில் சிலருக்குத் தொடை வழியாகக் கம்பி விட்டு 24 மணி நேரம் வரைகூட ரத்தக்கட்டை எடுக்கலாம். அதையும் ஸ்கேன்தான் சொல்லும்.

வீட்டில் ஆஸ்பிரின் வேண்டாம். ரத்தக்கசிவால் வந்த வாதமும் வெளியில் பார்க்க இதே மாதிரிதான், சி.டி. ஸ்கேன் எடுக்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நாக்குக்கடியில் பிரஷர் மாத்திரை வைத்தால் அழுத்தம் தடாலென்று இறங்கி, மூளையில் பிழைக்கக்கூடிய பகுதியும் சாகலாம். சோடா கொடுத்தால் விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகலாம். புறா ரத்தம் தேய்ப்பதைப் பற்றி என்ன சொல்ல, தேய்க்கும் நேரத்தில் ஸ்கேனே எடுத்துவிடலாம். சர்க்கரை தாழ்ந்தாலும் ஒரு பக்கம் இழுக்கும். அதை விரலில் ஒரு சொட்டு ரத்தம் காட்டிவிடும்.

தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து, இரவிலும் சி.டி. எடுக்கும் இடத்துக்கே போங்கள். எண்ணூர், மணலிப் பக்கத்தில் கன்டெய்னர் லாரி வரிசையில் போகும் நேரத்தையும் இந்த நாலரையில்தான் கழிக்க வேண்டும்.

சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே அள்ளிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிறவருக்கு இந்த ஊசி பெரும்பாலும் ஆகாது. வண்டியில் ஒருவருக்குத்தான் இடம் என்றால் பக்கத்தில் படுத்திருந்த மனைவி ஏறட்டும். மகன் பணம் புரட்டிக்கொண்டு பின்னால் வரலாம். கடைசியாக நன்றாக இருந்த நேரம் மகனுக்குத் தெரியாது.

அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள்,
தண்டையார்பேட்டை