புது டிராக்கருக்கு வந்து சேர்ந்துவிட்டோம், நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

வழுக்களை, அதாவது நம் மென்பொருளின் கோளாறுகளைப் பதிந்து பின்தொடரும் பழைய டிராக்கர் மூடப்படுவதற்குள், நம் வழு அறிக்கைகள் அத்தனையும் ரெட்மைன் என்ற புது டிராக்கருக்கு வந்துவிட்டன. கூடவே வந்த உரையாடல்கள், பதிவுக் கோப்புகள், திரைப்பிடிப்புகள் எல்லாம் பத்திரம். பழையது மூடப்படுவதால் நாம் இடம் மாறிய கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. மனசு இன்னும் படபடப்பிலிருந்து முழுதாக இறங்கவில்லை. அதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒருவருக்கு. அவர் நிரல் எழுதுபவர் அல்ல. நம் மென்பொருளைத் தினமும் பயன்படுத்துபவர். கண்பார்வை இல்லாதவர் என்பதால், திரைபடிப்பான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு விசைப்பலகையை மட்டும் வைத்தே எல்லா வேலையையும் செய்பவர்.

எந்த டிராக்கர் என்ற விவாதம் சூடாக இருந்த நேரம் அது. பக்ஸில்லா வேண்டும் என்றவர்கள், 1998 முதல் நிலைத்து நிற்கிறது, கேடிஈ, லிப்ரெஆபிஸ் போன்ற பெரிய மென்பொருள் திட்டங்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன என்றார்கள். பைத்தான் நிரல்மொழித் திட்டமே 2022-ல் கிட்ஹப் என்ற இணையதளத்துக்குப் போய்விட்டது, நாமும் போகலாம் என்றது இன்னொரு பக்கம். சொந்த சர்வர்தான் வேண்டும் என்றவர்கள், 2016-ல் மூடப்பட்ட ‘கூகுள் கோட்’ தளத்தைக் காட்டினார்கள். உடனே எதிர்த்தரப்பு, சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடியதாயிருந்தும் 2021-ல் பராமரிப்பு நின்றுபோன ஃபேப்ரிகேட்டரைக் காட்டியது. எல்லோர் பேச்சிலும் நியாயம் இருந்ததுதான் சிக்கல். ஒப்பீட்டு அட்டவணை நீண்டுகொண்டே போனது: நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டோடு இணையுமா, வேறு நிரல்கள் அதோடு பேச ஏபிஐ உண்டா, காப்புநகல் எடுப்பது எளிதா, யாருக்கு என்ன அனுமதி. எல்லாமே வழுவைத் திருத்துகிறவர்கள் கேட்கும் கேள்விகள்.

அப்போதுதான் அவருடைய மெயில் வந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. பரிசோதனைக்காக நிறுவி வைத்திருந்த ஒவ்வொரு டிராக்கருக்கும் போய், ஒரே வழுவை முதலிலிருந்து கடைசி வரை பதிந்து பார்த்திருக்கிறார். டேப் விசையை அழுத்த அழுத்தக் குரல் என்ன சொன்னது என்று வரிசையாக எழுதியிருந்தார். ஓரிடத்தில் பெட்டிகளுக்குப் பெயரே இல்லை. வெறும் “எடிட்”, “எடிட்” என்றே குரல் வாசித்துக்கொண்டு போயிருக்கிறது. இன்னோர் இடத்தில் என்ன கோளாறு என்று எழுதும் பெட்டியைத் தொடுவதற்கு முன்பே மென்பொருளின் எந்தக் கூறு, தீவிரம், முன்னுரிமை, இயங்குதளம் என்று கேள்வி மேல் கேள்வி. வேறொன்றில் அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் ஒரு சத்தமும் இல்லை. நிரப்பாமல் விட்ட ஒரு கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு மட்டும் வந்திருக்கிறது. அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி அவர் அந்தப் பக்கத்தை மூடியிருக்கிறார். தோற்றத்தை மாற்றும் தீமும் துணைநிரலும் சேர்ந்து இப்படியெல்லாம் ஆகும் என்பதால் எது எந்த மென்பொருள் என்று இங்கே சொல்லவில்லை.

அந்த மெயிலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. மெயில் அனுப்பினாலே வழு பதிவாகிற மாதிரி செய்ய முடியுமா என்று மட்டும் கடைசியில் கேட்டிருந்தார்.

அந்த ஒரு கேள்வி விவாதத்தை முடித்துவைத்தது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வழு அமைப்பு 1990-களிலிருந்தே மெயிலில்தான் ஓடுகிறது என்பது நம்மில் பலருக்கும் தெரியும். ரெட்மைனும் மெயிலைப் படித்து அறிக்கையாக்கும். கணக்கு இல்லாதவர்கள் அனுப்புவதையும் ஏற்கும்படி அமைக்கலாம். அதைத்தான் செய்திருக்கிறோம். தலைப்பில் ஒரு வரி, உள்ளே என்ன நடந்தது என்பது, அவ்வளவு போதும். கூறு, தீவிரம் எல்லாம் நாம் பிறகு நிரப்பிக்கொள்ளலாம், அது நம் வேலை. வழுவைச் சொல்ல வருகிறவர் நமக்காகத் தன் நேரத்தைச் செலவழிக்கிறார். பாதிப் படிவத்தில் அலுத்துத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்த டிராக்கரும் கணக்குக் காட்டாது. ஒரு பொதுத் திட்டத்துக்கு டிராக்கர் என்பது வாசற்படி என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது.

அடுத்து, பழைய எண்கள் மாறாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு. நிரலை மாற்றும்போது நாம் எழுதிவைக்கும் கமிட் செய்திகளில் பாதி, வழு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நிற்பவை. எண் மாறினால் ஒரு வரி நிரல் ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தேடிப் போகிறவர் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். கிட்ஹப்பில் வழுக்களும், நிரல் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் புல் ரிக்வெஸ்டுகளும் ஒரே எண் வரிசையில் வருவதால் அங்கே இது தலைவலி. பைத்தான்காரர்களே பழையதற்கு ஒரு முன்னொட்டு, புதியதற்கு வேறொன்று என்று வைத்துக்கொண்டார்கள். நமக்குக் காலி டேட்டாபேஸ் கிடைத்தது, அதே எண்களோடு ஏற்றினோம். சொல்ல ஒரு வரிதான். அந்த ஸ்க்ரிப்டை எழுதித் திருத்தி மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்த இருவருக்கும்தான் அதன் பாடு தெரியும்.

அப்புறம் சர்வர் கொடுத்தவர், ஒரே வழுவைப் பலர் பதிந்திருந்ததைத் தேடிப் பிடித்து இணைத்தவர்கள், உதவிப் பக்கங்களைத் திருத்தி எழுதியவர்கள், ரெட்மைன் வேண்டவே வேண்டாம் என்று கடைசி வரை வாதாடிவிட்டு, முடிவானதும் முதல் ஆளாக வேலைக்கு வந்து நின்றவர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பட்டியலில் கடைசியாகக் குறிப்பிட்டவர்களை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பராமரிப்பாளர்கள் சார்பில் இரண்டு வாக்குறுதிகள். அறிக்கைகள் அனைத்தின் நகலையும், மெயில் முகவரிகளை நீக்கிவிட்டு, மாதா மாதம் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுவோம். நாளை இந்த இடமும் மூடப்பட்டால் யாரும் இப்படி அல்லாட வேண்டாம். படிவத்தில் கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்றைப் புதிதாகச் சேர்க்க நினைத்தால், முதலில் அதைத் திரைபடிப்பானோடு பயன்படுத்திப் பார்ப்போம், சரியாக வந்தால்தான் சேர்ப்போம்.

பெயர் சொல்லாத நண்பருக்கு ஒரு செய்தி. நீங்கள் ஒவ்வொரு டிராக்கரிலும் பதிந்து பார்த்தது கற்பனை வழு அல்ல, உண்மையாகவே இருந்தது. சேமிக்கும் உரையாடல் பெட்டி திறந்ததும் குவியம், அதாவது விசைப்பலகை எந்த இடத்தில் இயங்குகிறது என்ற குறி, தொலைந்துபோவதை இப்போது திருத்திவிட்டோம். அடுத்த வெளியீட்டில் வரும். அது சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள், ஒரு மெயில் போட்டால் போதும்.