ஒரு குலை வெட்டும் வரையாவது பிள்ளைகள் இங்கே இருக்கட்டும்

தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கும் தோட்டக்கலைக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

குமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்குப் பக்கத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். மா, பலா, ஜாதிக்காய் ஒட்டுக்கன்றுகள்தான் தொழில். கூடவே கொஞ்சம் வாழை. கிராமப்புறப் பணி அனுபவத்துக்கு உங்கள் மாணவர்கள் எங்கள் பக்கம் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஆனால் கை பழகி வரும் நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி 20 மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டினாள். எங்களிடம் ஒட்டுக் கட்டும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். கத்தி ஒரே இழுப்பில் இறங்க வேண்டும். திரும்பச் சீவினால் வெட்டு மேடு பள்ளமாகிவிடும்; பட்டைக்கு அடியிலிருக்கும் வளர்திசு ஒன்றோடொன்று சேராது. அந்தப் பிள்ளைக்குக் கை நடுங்கி, திரும்பத் திரும்பச் சீவினாள். அவள் ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தளிர்த்தது மூன்றுதான். பட்டுப்போன குச்சியைப் பிரித்து, எங்கே தவறியது என்று காட்ட அவள் இங்கே இல்லை. அந்தப் பாடம் அப்படியே நின்றுபோனது.

ஜாதிக்காயில் இன்னும் கவனம் வேண்டும். விதைக்கன்றில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகிவிடும், அதுவும் பல வருடம் வளர்த்துப் பூக்கும்போதுதான் தெரியும். அதனால்தான் காய்க்கிற பெண் மரத்திலிருந்து குச்சி எடுத்து ஒட்டுகிறோம். அதிலும் நேராக மேலே போகிற தண்டில் எடுத்தால் மரமாக நிற்கும். பக்கக் கிளையில் எடுத்தால் புதராகப் படரும். மரத்தடியில் நின்று, கிளையைத் தொட்டுக் காட்டினால்தான் இது மனதில் நிற்கும்.

வாழையும் அப்படித்தான். ஏத்தன் என்கிற நேந்திரன் வாழையை நட்டால் குலை வெட்டப் பத்துப் பதினோரு மாதம் ஆகும். எங்கள் மட்டிப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். அந்த மட்டிக்கு நடுவதற்கு ஏற்ற, ஒடுங்கிய இலையுள்ள ஈட்டிக்கன்று எது, அகன்ற இலையோடு வலுவில்லாமல் வரும் நீர்க்கன்று எது என்று பார்த்துப் பிரிக்கிற கைகள் நாளைக்கும் வேண்டுமே.

ஆகவே ஒன்று கேட்கிறேன். படிப்பு முடித்தவர்களுக்கு ஒரு முழு ஆண்டுத் தோட்டப் பயிற்சி கொடுங்கள், உதவித்தொகையோடு. பாதி நாள் பேச்சிப்பாறை அரசுப் பண்ணையில், பாதி நாள் எங்களைப் போன்றவர்களிடம். அமெரிக்காவில் லாங்வுட் தோட்டத்தில் கட்டணமே வாங்காமல் இரண்டு ஆண்டு இப்படிப் பழக்குகிறார்கள். நம்மாலும் முடியும். அப்புறம், கற்றுக்கொடுக்கும் அக்காவையும் பயிற்சியாளர் என்று பதிவு செய்து சம்பளம் கொடுங்கள். அவருக்கு 58 வயதாகிறது. அந்தக் கைப்பழக்கம் வேறு யாரிடமும் இன்னும் போய்ச் சேரவில்லை.

வருகிற பிள்ளைகளுக்காக 200 மாங்கன்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். பட்டுப்போனாலும் பரவாயில்லை, அதற்குத்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாற்றுப்பண்ணைக்காரன்