அண்ணனுக்கு, கேட்காமல் உன் பெயரைப் போட்டது பற்றி

அண்ணா,

என் மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. போனை எடுத்திருந்தால் கேட்டுவிட்டுப் போட்டிருப்பேன்.

ஐயர் இல்லை, அக்னி இல்லை. அதில் மாற்றமில்லை. "செல்லாத கல்யாணம்" என்று நீ சொன்னதாகக் காதுக்கு வந்தது. அது பழைய கதை. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்றது உண்மைதான். 1967இல் அறிஞர் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். உறவினரோ நண்பரோ கூடியிருக்க, மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். அதற்கு முன்பு அப்படி நடந்த திருமணங்களும் சேர்த்தே செல்லுபடியாயின.

உன் கோபம் சட்டத்தின் மேல் இல்லை என்று தெரியும். என்னுடையதும் இல்லை.

உன் கல்யாணத்தில் தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்தபோது அம்மாவும் நானும் தூணை ஒட்டி நின்றிருந்தோம். தட்டு கிட்டே வந்ததும் அம்மா கையைத் தூக்கிவிட்டாள். தட்டு அவளைத் தாண்டி என்னிடம் வந்தது. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் என் ஜடையைச் சரிசெய்தாள். தட்டை ஏந்தி வந்தவர் யார் என்று இங்கே எழுத மாட்டேன், அவர் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். மணையிலிருந்து நீ பார்த்தாய். புகையில் ஒன்றும் தெரியவில்லை என்று பிறகு சொன்னாய். சரி, புகைதான்.

அப்பா போனபின் படிப்பை விட்டுவிட்டு லாரி செட்டில் கணக்கு எழுதி என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவன் நீ. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே உன்னை எதிர்த்து எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். எதற்கென்று யோசித்தால் கோபம்தான் வருகிறது.

ஊரார் படிப்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சாமியை விட்டுவிடவில்லை, விளக்கேற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். ஐயர் மேலும் பழி போடவில்லை. அன்று அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை, தட்டைத் தாண்ட வைத்தது நம் ஆட்கள். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் வரும் கல்யாணத்தில் தீயும் இல்லை, புரோகிதரும் இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அதிலும் மணப்பெண்ணை நீராட்டும் நால்வர் பிள்ளை பெற்ற, நகை பூண்ட பெண்கள்தான். நம் அம்மா மாதிரி ஒருத்திக்கு அங்கே வேலை இருந்ததாகத் தெரியவில்லை. ஐயரை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நான் வெகுளி இல்லை.

அதனால் தாலியை அம்மாதான் எடுத்துக் கொடுக்கப் போகிறாள். உன் மருமகள் வைத்த ஒரே நிபந்தனை அது. அம்மாவுக்கு உள்ளூரப் பயம், நீ என்ன சொல்வாயோ என்று.

அண்ணி வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நீ வரவில்லை என்றால் காரணத்தை அம்மாவிடம் நேரில் வந்து சொல். யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாதே.