மாதவிடாய்த் தேதியையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பற்றி வெளியான கட்டுரையை, 11 ஆண்டுகளாக அந்நோயுடன் வாழ்ந்துவரும் பெண் என்ற முறையில் இரண்டு முறை படித்தேன். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குவதை இவ்வளவு தெளிவாகத் தமிழில் நான் படித்ததில்லை. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது என்றும், பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அப்படியானால் நோயாளிகளில் பெரும்பாலோர் மாதவிடாய் காணும் வயதிலேயே இந்நோய்க்கு ஆளாகிறார்கள். ஆனால் நான்கு பக்கக் கட்டுரையில் மாதவிடாய் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அந்த விடுபடலைப் பற்றியே இக்கடிதம்.

மாதவிலக்கு வருவதற்கு நான்கைந்து நாட்களுக்கு முன்பே என் வலது கால் கனக்கத் தொடங்கிவிடும். செருப்பு காலிலிருந்து நழுவியது தெரியாமல் நான்கு அடி நடந்திருப்பேன். காலை பத்து மணிக்கே, நாள் முழுதும் வயலில் நின்றவளைப் போல உடல் சோர்ந்துவிடும். இடது கண்ணில் எழுத்துகள் மங்கும். உதிரப்போக்கு தொடங்கிய ஓரிரு நாட்களில் இவையெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நோய் கண்ட முதல் மூன்று ஆண்டுகள் இந்த ஒழுங்கு எனக்கே புரியவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சிரை வழியாக ஏற்றிக்கொண்டேன். பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் குறிக்கும் மாதக் காலண்டரில் என் தேதிகளையும் அம்மா சுழித்து வைப்பார். இரண்டு முறையும் விலக்காவதற்குச் சரியாக மூன்று நாட்களுக்கு முன்புதான் நான் மருத்துவமனைக்குப் போயிருக்கிறேன் என்பதை அந்தக் காலண்டரை வைத்து அவர்தான் கண்டுபிடித்தார். மருத்துவரிடம் சொன்னபோது, "அந்த நாட்களில் எல்லாப் பெண்களுக்கும் அசதி இருக்கத்தானேம்மா செய்யும்" என்ற பதிலே கிடைத்தது. அசதி வேறு, கால் இழுபடுவது வேறு என்று அன்று எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு ஒரு காரணம் உடல் வெப்பம். உடற்பயிற்சிக்குப் பின் சில நோயாளிகளின் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் பதிவு செய்தார். மயலின் உறை சிதைந்த நரம்பிழை, உடலின் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே செய்தியைக் கடத்த முடியாமல் தடுமாறும் என்பது பின்னர் தெளிவாயிற்று. சினைமுட்டை வெளியேறிய பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஒரு பெண்ணின் உடல் வெப்பத்தைச் சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி வரை உயர்த்தி, அடுத்த மாதவிடாயை ஒட்டிய நாட்கள் வரை அதே நிலையில் வைத்திருக்கிறது. நலமாக இருப்பவருக்கு இந்த உயர்வு தெரியவே தெரியாது. ஏற்கெனவே காயப்பட்ட நரம்புகளோடு, கத்திரி வெயிலில் மின்விசிறியும் நின்றுபோன ஒரு மதியத்தைத் திருச்சியில் கழிப்பவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

வெப்பம் மட்டுமே முழு விளக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் ஒருசேர இறங்குகின்றன. பெண்மைச் சுரப்புகளுக்கும் இந்நோய்க்கும் உறவு உண்டு என்பதற்குக் கர்ப்பகாலமே வலுவான சான்று. ஐரோப்பாவின் 12 நாடுகளில் 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்துக்கு முந்தைய ஆண்டில் ஒரு பெண்ணுக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 0.7 ஆக இருந்த நோய்த்தாக்குதல் விகிதம், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் 0.2 ஆகக் குறைந்து, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் 1.2 ஆக ஏறியது. மாதவிடாயைப் பற்றிய ஆய்வுகள் இவ்வளவு பெரியவை அல்ல. 1992இல் லண்டனில் நடந்த சிறிய முன்னோட்ட ஆய்வில், மாதவிடாய் நின்றுபோகும் வயதை எட்டாத பெண்களில் 82 சதவீதத்தினர் மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் அறிகுறிகள் கூடுவதாகக் கூறினர். 2006இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், இவ்வாறு மாதந்தோறும் பாதிக்கப்பட்ட மூன்று பெண்களுக்கு அந்த நாட்களில் ஆஸ்பிரின் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினர். மூவரை வைத்து முடிவுக்கு வர இயலாது. ஆஸ்பிரின் உதிரப்போக்கைக் கூட்டக்கூடியது என்பதால் யாரும் தாமாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது. பாதிப் பேருக்கு மேல் பெண்களாக உள்ள ஒரு நோயில், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் இவ்வளவு சிறிய எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டு பேச வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

இது வெறும் தகவல் ஆர்வத்துக்காக எழுதுவதல்ல. உண்மையான தாக்குதல் என்றால் நரம்பில் புதிய அழற்சி உண்டாகியிருக்கிறது என்று பொருள். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லாதபோது, 24 மணி நேரத்துக்கு மேல் அறிகுறிகள் நீடிப்பதை மருத்துவர்கள் அதற்கு அளவுகோலாகக் கொள்கிறார்கள். மாதவிடாய்க்கு முன் வருவது பல நேரங்களில் புதிய அழற்சி ஏதுமின்றி, பழைய காயங்கள் தற்காலிகமாகத் தலைதூக்கும் போலித் தாக்குதலே. ஆனால் அதுவும் சில நாட்கள் தொடர்ச்சியாக இருப்பதால் 24 மணி நேரக் கணக்கு ஒன்றை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. தேதி தெரிந்தால்தான் பிரிக்க முடியும். பிரிக்காவிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏற்றி, தூக்கத்தைக் கெடுத்து, அடிக்கடி கொடுத்தால் எலும்பையும் அரிக்கும் ஸ்டீராய்டு தேவையின்றி உடலில் ஏறுகிறது. நோயைக் கட்டுப்படுத்த வழக்கமாக எடுத்துவரும் மருந்து பலனளிக்கவில்லை என்று தவறாகக் கருதி, அதைவிடக் கடுமையான மருந்துக்கு மாற்றிவிடும் அபாயமும் உண்டு.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் மாதவிடாயின் மேல் போட்டுவிட்டு வீட்டிலேயே படுத்திருப்பதும் ஆபத்து. முன்பு இல்லாத புதிய அறிகுறி வந்தாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்துப் பார்வை குறைந்தாலோ, உதிரப்போக்கு தொடங்கிய பிறகும் கால் தேறாவிட்டாலோ உடனே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்றும் இதே போன்ற போலித் தாக்குதலை உண்டாக்கும் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. உதிரப்போக்கு அதிகமுள்ளவர்கள் ரத்தசோகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதனால் வரும் களைப்பை நரம்பு நோயின் கணக்கில் எழுதிவிடுவது எளிது.

நம் வீடுகளின் வழக்கம் ஒன்றையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். விலக்கான பெண்ணை மின்விசிறி இல்லாத பின்கட்டு அறையில் ஒதுக்கி உட்கார வைப்பதும், மூன்றாம் நாள் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் தலைக்கு ஊற்றுவதும் இன்னும் பல குடும்பங்களில் உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வராத காலத்தில், சந்தேகத்துக்குரிய நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி, அறிகுறிகள் வெளிப்படுகின்றனவா என்று பார்த்துத்தான் இந்த நோயை மருத்துவர்கள் சோதித்தார்கள். அதே சோதனையை அறியாமல் எங்கள் வீட்டுக் குளியலறையில் மாதந்தோறும் நடத்திக்கொண்டிருந்தோம். ஒருமுறை குளித்துவிட்டு எழ முடியாமல் நான் தரையிலேயே அமர்ந்துவிட்ட பிறகு, என் மாமியாரே வெதுவெதுப்பான நீருக்கு மாற்றினார். அந்த நாட்களில் மேசைவிசிறியை என் பக்கம் திருப்பி வைப்பவரும் அவர்தான்.

இப்போது நான் பார்க்கும் மருத்துவர், ஒவ்வொரு வருகையிலும் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டுச் சீட்டின் மேல் எழுதிக்கொள்கிறார். கேட்க அரை நிமிடம்கூட ஆகாத அந்தக் கேள்வியை எல்லா நரம்பியல் மருத்துவர்களும் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கேட்காவிட்டாலும் நோயாளிகள் கூச்சப்படாமல் தாங்களே சொல்ல வேண்டும். அதற்கு மூன்று மாதக் குறிப்பாவது கையில் இருக்க வேண்டும். அறிகுறியை மட்டும் எழுதாமல் காலை உடல் வெப்பம், உறக்கம், மாத்திரை, வெயிலில் அலைந்த நேரம் ஆகியவற்றையும் அன்றன்றே குறிப்பது நல்லது. கருத்தடை மாத்திரையால் சுழற்சியைக் கட்டுப்படுத்தலாமா என்ற கேள்விக்கு, நரம்பியல் மருத்துவரும் மகளிர் மருத்துவரும் கலந்து பேசியே பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த இதழிலேயே இந்தச் செய்தியை ஒரு சிறு குறிப்பாகவேனும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எட்டு ஆண்டுகளாக நான் எழுதிவரும் நோட்டின் நகல் கட்டுரையாளருக்குப் பயன்படும் என்றால் அனுப்பிவைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருச்சிராப்பள்ளி.