இந்தா, அம்மாட்ட குடுக்கேன்

திருநெல்வேலி டவுன்,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு.

எய்யா,

நல்லா இருக்கியா? மருமகள் சுகமா? நாங்கள் மூன்று பேரும் சுகம். மேற்கே சாரல் விழுகிறது, குற்றாலத்தில் நல்ல கூட்டமாம். இங்கே டவுனில் மழை இல்லை. காற்று மட்டும் வந்து துணிக்கொடியைச் சுழற்றி அடிக்கிறது. ஆற்றில் தண்ணீர் போகிறது. காலையில் குறுக்குத்துறையில் குளித்துவிட்டுத்தான் வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் போட்டபோது, "வீட்ல என்னப்பா விசேஷம்?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லப்பா. இந்தா, அம்மாட்ட குடுக்கேன்" என்றேன். நீ ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் போன நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இதையேதான் சொல்லிவருகிறேன். அன்றைக்குப் போனை வைத்ததும் ஆச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, ஒண்ணுமில்லன்னு எப்படிலே சொல்லுத? நேத்து நாம சிரிச்ச சிரிப்பென்ன? அதச் சொன்னா அவனும் சிரிப்பாம்லா?"

ஆச்சி சொன்னது சரி. போனைக் காதில் வைத்ததும் சொல்ல நினைத்ததெல்லாம் எனக்கு எங்கேயோ போய்விடுகிறது. எழுத உட்கார்ந்தால் வரும். அதனால்தான் இந்தக் கடிதம். ஆச்சி சொன்ன அந்தச் சனிக்கிழமைக் கதையையே முதலில் சொல்கிறேன்.

ஆச்சிக்குச் சர்க்கரை இருப்பதால், அல்வா வீட்டுக்குள் வந்தாலே அம்மா ஒளித்துவைத்துவிடுவாள், உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு வரும்போது, சித்தி வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று கால் கிலோ வாங்கிவந்தேன். அம்மா அதை உளுந்து டின்னுக்குள் புதைத்துவைத்தாள். ஆச்சிக்கு உளுந்து டின்னில் என்ன வேலை என்பது அவள் கணக்கு. மறுநாள் மத்தியானம் இட்லிக்கு ஊறப்போட டின்னைத் திறந்தால், உள்ளே இரண்டு பொட்டலம். ஒன்று நாம் வாங்கியது. இன்னொன்று சின்னது, நூறு கிராம் இருக்கும்.

"ரெண்டு வாங்குனியளா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள். "ஒண்ணுதான் வாங்கினேன்" என்றேன். பட்டாசலில் கட்டிலில் படுத்திருந்த ஆச்சி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "குட்டி போட்டிருக்கும்."

வளவில் எதிர்வீட்டுப் பையனிடம் காசு கொடுத்து ஆச்சி வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். மருமகள் கண்ணில் படாத இடம் எது என்று யோசித்து யோசித்து, அவளும் அதே டின்னைப் பிடித்திருக்கிறாள். 34 வருஷம் ஒரே அடுக்களையில் புழங்கினால் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒளித்துவைக்கிற புத்திகூட ஒன்றாகிவிடும் போலிருக்கிறது. அம்மா சிரித்த சிரிப்பில் டின் கைநழுவி உளுந்து தரையெல்லாம் ஓடியது. மூன்று பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். பொறுக்கி முடித்ததும் அம்மா அந்தக் குட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, கட்டைவிரல் நுனியளவு கிள்ளி ஆச்சி வாயில் வைத்தாள். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

இத்தனையும் நடந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. நான் உன்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், நீ சொதி வைத்த நாள். அன்றைக்கு வீடியோவில் எங்கள் பக்கம் நடந்ததில் பாதியை நீ பார்த்திருக்க மாட்டாய். தேங்காய்ப் பாலை டப்பாவில் வாங்கியிருக்கிறேன் என்று நீ காட்டினாயே, ஆச்சிக்கு அதுவே பெரிய குழப்பம். "டப்பாவுல இருக்கது எத்தனாம் பாலுலே?" என்று கேட்டாள். "எல்லாம் ஒரே பாலுதான் ஆச்சி" என்றாய். ஆச்சி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகவேண்டும், இரண்டாம் பாலில் கொதிக்கவேண்டும், முதல் பாலை ஊற்றிவிட்டால் கொதிக்கவே கூடாது. அறுபது வருஷமாக அவள் கை அறிந்த கணக்கு இது. ஒரே பாலை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று அவளுக்குத் தவிப்பு. பாதியில் தண்ணீர் கலந்து அதை மூன்றாம் பாலாக வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாதான் வழி சொன்னாள்.

முருங்கைக்காய் கிடைக்காமல் நீ கேரட்டும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டாய். வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்தாய். அதுவரை ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் கெட்டிப் பாலை ஊற்றிவிட்டு நீ கரண்டியைத் தேடினாய் பார், அப்போது ஆச்சி போனுக்குள் புகுந்துவிடுவதுபோலக் குனிந்து, "அடுப்ப அணைலே! திரிஞ்சிரும்! அடுப்ப அணை!" என்று அவயம் போட்டாள். தார்சாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடி, நம் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டாள்.

நம் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்தது யாருக்கும் உறைக்கவில்லை. உன் சொதி திரியாமல் வந்துவிட்டது என்று ஆச்சிக்கு ஒரே பூரிப்பு. எலுமிச்சம்பழத்தை இறக்கியபிறகுதான் பிழியவேண்டும் என்று அவள் பத்துத் தடவை சொல்லி, நீ பிழிந்து, மருமகள் வாயில் வைத்துப் பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லி, எல்லாம் முடிந்து நாங்கள் இலையைப் போட்டு உட்கார்ந்தால், சோறு விதை விதையாக நிற்கிறது. அரை வேக்காட்டுச் சோற்றைக் கையில் நசுக்கிப் பார்த்துவிட்டு ஆச்சி சொன்னாள்: "போகட்டும். அங்க சொதி நல்லா வந்துட்டுல்லா."

எய்யா, அந்தச் சொல்லை நான் நாலைந்து நாள் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மருமகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கல்யாணமாகி முதல் தடவை வந்தபோது மச்சிலிருந்து அவள் இறங்கிவந்த கதை உனக்குத் தெரியும். ஆனால் அது இப்போது எங்கேயெல்லாம் போய்விட்டது என்று உனக்குத் தெரியாது. அந்த மச்சுப்படி செங்குத்தாக இருக்குமே, பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்று ஆச்சி கீழே நின்று "பைய எறங்கு, பைய எறங்கு" என்றாள். அவள் சென்னையில் வளர்ந்த பிள்ளை, மெதுவா என்றால்தான் தெரியும். பையை இறக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, மறுபடி மேலே ஏறி, இரண்டு பெரிய பைகளையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் இறங்கினாள். கீழே ஆச்சி, "அய்யோ, பைய, பைய" என்று கத்தக் கத்த, "கொண்டு வர்றேன் ஆச்சி" என்கிறாள்.

இப்போது வளவு முழுக்க அதுதான் பேச்சு. நான் வண்டியை எடுத்தால் அம்மா "பைய எடுத்துக்கோங்க" என்கிறாள். மெதுவாகப் போங்கள் என்று அர்த்தம். எதிர்வீட்டுப் பையன் சைக்கிளில் பறந்தால் ஆச்சி "ஏலே, பைய விட்டுட்டுப் போற" என்று கூப்பிடுகிறாள். அவன் பிரேக் பிடிக்கிறான். ஒரு பிள்ளை நம் வீட்டுக்கு வந்து நமக்கு ஒரு வார்த்தையைக் கொடுத்திருக்கிறது. இதை அவளிடம் சொல். அவள் இங்கே இல்லாத நாளிலும் ஒரு நாளைக்கு நாலு தடவை அவளை நினைக்கிறோம் என்று சொல்.

இனி எழுதப்போவதை நான் ரொம்ப நாள் முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளம். 17ஆம் தேதி ஞாயிறு, 18ஆம் தேதி திங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலோடு ஜனங்கள் சிக்கிக்கொண்டார்கள். நம் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீருக்குள் நின்றதை நீ அங்கே உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தாய் என்றும், சாப்பிடவில்லை என்றும் மருமகள் பின்னால்தான் சொன்னாள். நமக்குப் போன் இல்லை, கரண்டு இல்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒருவழியாக லைன் கிடைத்தபோது, நீ அழுதுகொண்டே "எப்படி இருக்கீங்கப்பா?" என்று கேட்டாய். நான் "ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்கோம்" என்றேன். அன்றைக்கு அந்தச் சொல் உனக்குப் போதாது. அங்கே இரண்டு நாள் தவித்துக் கிடந்த பிள்ளைக்கு நான் இன்னும் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மீனாட்சிபுரத்தில் சித்தி வீட்டுக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. சித்தியும் சித்தப்பாவும் இரண்டு பிள்ளைகளும் நனைந்த மூட்டையோடு வந்து நின்றார்கள். நம் தெரு மேடு, அதனால் பிழைத்தோம். சித்தி வந்ததிலிருந்து பேசவில்லை. பீரோவில் பாதி உயரம் தண்ணீர் நிற்கும், பிள்ளைகள் புத்தகமெல்லாம் கீழ்த்தட்டில் இருந்தது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா காப்பி கொடுத்தால் வாங்கிக் கீழே வைத்தாள். அது ஆறிப்போனது.

திங்கள் ராத்திரி. வெளியே மழை விட்டபாடில்லை. மச்சிலிருந்து பழைய அரிக்கேன் விளக்கை எடுத்துத் துடைத்து ஏற்றினேன். ஆச்சி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பித்தளைத் தாயக்கட்டையை எடுத்தாள். பட்டாசல் தரையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டாள். புளியங்கொட்டை ஆச்சிக்கு, உடைந்த வளையல் துண்டு அம்மாவுக்கு, சட்டைப் பொத்தான் பிள்ளைகளுக்கு. தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம். எல்லாருக்கும் விழுந்தது, அம்மாவுக்கு விழவில்லை. உருட்டினால் ஐந்து, உருட்டினால் ஆறு, இரண்டு, பன்னிரண்டு, தாயம் மட்டும் இல்லை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அம்மா கட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள், விளக்கைக் கும்பிடுகிறாள், குறுக்குத்துறை முருகா என்கிறாள்.

ஆச்சி சொன்னாள்: "ஏளா, முருகனே இப்ப முங்கிக் கெடக்கான். அவன ஏன் கூப்பிடுத? ஆத்துல வெள்ளம் வடிஞ்சாலும் ஒனக்குத் தாயம் விழாது."

ஆற்றுக்குள் இருக்கிற கோயில் அது, பெருவெள்ளம் வந்தால் முங்கும், வடிந்ததும் கழுவிவிட்டு விளக்கேற்றுவார்கள். நாம் பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். ஆனால் அந்த நேரத்தில் ஆச்சி அதைச் சொன்ன விதம்! சுவர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சித்தி சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. சிரிப்பு நிற்காமல் அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, சின்னவள் பயந்துபோய் அம்மா மடியில் போய் விழுந்தாள். அப்புறம் சித்தி நகர்ந்து வந்து, "கட்டையக் குடுக்கா, ஒனக்கு நான் போடுதேன்" என்று வாங்கி உருட்டினாள்.

முதல் உருட்டிலேயே தாயம்.

எய்யா, நம் ஜனங்கள் எத்தனையோ பேர் அந்த வெள்ளத்தில் உயிரையும் உடைமையையும் இழந்தார்கள். அந்த நேரத்தில் சிரித்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உன்னிடம்கூட மறைத்தேன். ஆனால் சித்தி அந்த ராத்திரிதான் சாப்பிட்டாள். சித்தப்பா என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஆச்சியைக் காட்டினேன். ஆச்சி யாரும் பார்க்காத நேரத்தில் தன் புளியங்கொட்டையை இரண்டு கட்டம் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் எத்தனையோ இருக்கிறது. ஆனித் தேருக்கு அம்மாவின் செருப்பு தொலைந்து வேறொன்று வந்த கதை, எதிர்வீட்டுப் பூனை நம் தார்சாவில் குடிவந்தது, எல்லாம் அடுத்த கடிதத்தில்.

ஒன்றை மட்டும் இப்போதே கேட்டுவிடுகிறேன். ராத்திரி நான் வாசல் கதவில் திண்டுக்கல் பூட்டைப் போட்டு மூன்று இழுவை இழுத்துப் பார்ப்பேனே, உன் தாத்தா காலத்துப் பழக்கம். ஆச்சி கட்டிலிலிருந்து "எத்தன இழுவ?" என்று கேட்பாள். "மூணு" என்று சொன்னால்தான் அவளுக்குத் தூக்கம். போன மாதம் மருமகள் அம்மாவிடம், "அவர் தினமும் கதவைச் சாத்திட்டு மூணு தடவை இழுத்துப் பார்க்கிறார், தானாப் பூட்டிக்கிற கதவை எதுக்கு இழுக்கணும் அத்தை?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா இதை ஆச்சியிடம் சொன்னாள். ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரியிலிருந்து என்னிடம் இரண்டு கேள்வி கேட்கிறாள். "எத்தன இழுவ?" என்று ஒன்று. "அவன் இழுத்தானா?" என்று இன்னொன்று. நான் பூட்டும்போது உனக்குச் சாயங்காலம் ஆறு மணிதான் இருக்கும், நீ வேலையிலிருந்து வந்திருக்கவே மாட்டாய். ஆனாலும் "இழுத்துட்டான்மா" என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த ஞாயிறு நீ போன் போடும்போது போனை நான் உடனே அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். நீயும் உன் வீட்டில் நடந்ததைச் சொல். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. சோறு கருகியதைச் சொல், சாவி தொலைந்ததைச் சொல், நீங்கள் இரண்டு பேரும் எதற்குச் சிரித்தீர்கள் என்று சொல்.

மணி ஒன்பதரை. ஆச்சி கூப்பிடுகிறாள். போய்ப் பூட்டிவிட்டு வருகிறேன்.

உன் அப்பா